வள்ளத்தில் தண்ணீர் ஏறும் நேரம்

கற்பிட்டிக் கரையில் பாய் வள்ளங்கள் நின்ற காலத்தில், தண்ணீர் ஏறும் வள்ளத்தைப் பற்றிய பேச்சு "எங்க ஒழுகுது?" என்று தொடங்காது. "எப்ப ஏறுது?" என்றுதான் தொடங்கும். கட்டிக் கிடக்கும்போதா, பாய் விரித்த பிறகா, மழைக்கா, பாரம் ஏற்றிய பிறகா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடியும்வரை வள்ளம் கட்டும் தச்சரான ஓடாவி உளியைத் தொடமாட்டார். அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் இன்று நினைத்துப் பார்க்கும்போது, அந்தக் கேள்வி வரிசை வெறும் பழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. கசிவைக் கண்டுபிடிப்பதற்கு அதைவிட நம்பத்தக்க வழி இருப்பதாக நான் இதுவரை அறியவில்லை. உடப்பு முதல் கண்டக்குளி வரையும், அங்கிருந்து பத்தலங்குண்டு வரையும் இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். அவற்றிலும் தண்ணீர் ஏறுகிறது. ஆனால் இப்போது தண்ணீரைக் கண்டவுடன் கேட்கப்படுவது "எங்க பூசலாம்?" என்பதே. கேள்வி மாறியதால் ஓர் அறிவு கைவிட்டுப் போகிறது, அதனால் படகும் பணமும் சில வேளை உயிரும் போகின்றன என்பதே இங்கு நான் வாதிட விரும்புவது.

தண்ணீர் தெரிகிற இடத்துக்கும் அது நுழைகிற இடத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை. ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு ஒரு மூலையில் இருக்க, மழை வளை வழியே ஓடி வேறொரு மூலையில் சொட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். படகில் இது இன்னும் சிக்கலானது, ஏனென்றால் வீடு அசையாது, படகு அசையும். முன்பகுதியான அணியத்தில் ஒரு பலகைப் பொருத்து விட்டுப்போயிருந்தால், உள்ளே வரும் நீர் விலாக்கட்டையான வங்குக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்கி, அடியின் நடுமரமான ஏராவின் ஓரமாக ஓடி, வள்ளத்தின் தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். பின்னால் ஆட்கள் இருந்தால் பின்னால் தேங்கும். காற்றுக்கு வள்ளம் சாய்ந்தால் சாய்ந்த பக்கத்தில் தேங்கும். தேங்கிய நீர் நமக்குச் சொல்வது வள்ளத்தின் எந்தப் பகுதி அப்போது தாழ்ந்திருந்தது என்பதை மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு அங்கே கீலைப் பூசுபவர், கசிவு இல்லாத ஓர் இடத்தை அடைக்கிறார். சில நாள் கழித்துத் தண்ணீர் வேறொரு இடத்தில் நிற்கும்போது, புதிதாக ஒரு கசிவு வந்துவிட்டது என்று முடிவுசெய்கிறார். உண்மையில் பழைய கசிவு ஒன்றேதான் இருக்கிறது.

நேரத்தைக் கேட்டால் நிலைமை மாறுகிறது. நங்கூரமிட்டு அசையாமல் கிடக்கும்போதும் ஒரே அளவாகத் தண்ணீர் ஏறினால், கசிவு எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் இருக்கிறது: ஏராவோடு சேரும் முதற்பலகை, ஆணித்துளை, அடிப்பலகை வெடிப்பு. கட்டிக் கிடக்கும்போது காய்ந்திருந்து, பாய் விரித்ததும் ஏறினால் இரண்டு காரணங்களில் ஒன்று. வள்ளம் சாயும்போது மட்டும் நீருக்குள் போகும் மேற்பொருத்து ஒன்று திறந்திருக்கலாம். அல்லது பாய்மரத்தின் அழுத்தம் அடிப்பொருத்தை விரிக்கலாம். காற்று பாயை இழுக்கும்போது பாய்மரம் சாய்வதோடு நிற்பதில்லை, தன் அடிக்கட்டை வழியே ஏராவைக் கீழ்நோக்கி அமுக்கவும் செய்கிறது. அதைப் பிடித்திருக்கும் கயிறுகள் அதே வேளையில் வள்ளத்தின் விளிம்பை மேல்நோக்கி இழுக்கின்றன. இந்த இரண்டு விசைக்கும் நடுவே நசிபடுவது ஏராவை ஒட்டிய பலகைதான். கரையில் அதைக் கையால் தடவிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டு காரணங்களையும் பிரித்தறிய வழி எளிது. காற்றை ஒரு பக்கம் வாங்கி ஓடிவிட்டு, மறுபக்கம் வாங்கியும் ஓடிப் பார்க்க வேண்டும். ஒரு பக்க ஓட்டத்தில் மட்டும் ஏறினால் அப்போது சாய்ந்த பக்கத்தின் மேற்பொருத்தில் குறை. இரண்டு ஓட்டத்திலும் ஒரேமாதிரி ஏறினால் பாய்மரத்தின் அடியைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் மிதவைக்கட்டை கட்டிய ஒறுவவில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அது திரும்பும்போது முன்முனையும் பின்முனையும் இடம் மாறுமே தவிர, மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் அதன் ஒரே பக்கம் ஆயுள் முழுவதும் காற்றின் பாரத்தைச் சுமக்கிறது. குடைந்த அடிமரத்தோடு மேற்பலகையைத் தைத்த கயிறும், மிதவைத் தடிகளைக் கட்டிய இடமுமே அங்கே முதலில் சந்தேகத்துக்குரியவை.

மழைக்கு மட்டும் ஏறும் தண்ணீரைப் பற்றிப் புத்தளம் களப்புக்காரர்களுக்கு வேறு ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்களைச் சுற்றி ஒரே வகைத் தண்ணீர் இல்லை. ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா வழியே வருவது கடல்நீர். கலா ஓயாவும் மீ ஓயாவும் மாரியில் கொண்டுவருவது நன்னீர். கோடை முற்றும்போது புத்தளம் நகரை அண்டிய தென்பகுதியில், ஆவியாவது கூடி, கடலைவிட உப்பு மிகுந்த நீர் நிற்கும். உப்பளங்கள் அங்கே அமைந்ததற்கும் அதுவே காரணம். அடித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இந்தக் கரையில் அவ்வளவு உறுதியாக இருந்ததற்கு இந்த வேறுபாடு காரணமாக இருந்திருக்க வேண்டும். சப்பென்று இருந்தால் மேலிருந்து வந்த மழை. கரித்தால் கீழிருந்து வந்த நீர். நாக்கை நம்ப முடியாது என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். உப்புக் காய்ந்துபோன வள்ளத்தில் மழைநீர் விழுந்தாலும் பழைய உப்பைக் கரைத்துக்கொண்டு கரிக்கத்தான் செய்யும். மறுப்பு சரியானதே. ஆனால் அது சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை, முறையாகச் செய்யச் சொல்கிறது. உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு வரும் முதல் நீரைச் சுவைத்தால் விடை மாறாது. மழைநீர்தான் என்று தெரிந்துவிட்டால், அடிப்பலகையைப் பிரித்துப் பார்க்கும் செலவு முழுவதும் மிச்சம். மேல்விளிம்பையும் மூடுபலகையையும் பார்த்தால் போதும்.

இவ்வளவு கேள்விக்கும் விடை சொல்லக்கூடியவர் யார் என்பதில்தான் அந்தக் கரையின் நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வள்ளத்தின் சொந்தக்காரரிடமோ தொழிலை நடத்தும் சம்மாட்டியிடமோ ஓடாவி முதலில் கேட்கமாட்டார். இறைப்பட்டையோடு உட்கார்ந்திருக்கும் பையனிடம்தான் கேட்பார். பங்கில் ஆகக் குறைந்தது அவனுக்கு. வள்ளத்தைப் பற்றி ஆகக் கூடுதலாகத் தெரிந்ததும் அவனுக்கு. எந்தக் காற்றுக்கு எத்தனை பட்டை இறைத்தான், கண்டல் ஓரம் வந்ததும் குறைந்ததா, சோளகக் காற்றில் அலை எழும்பியதும் கூடியதா என்பதெல்லாம் அவன் தோளுக்குத் தெரியும். இறைப்பதை வெறும் கூலி வேலையாகப் பார்த்தால் இந்த அறிவு கண்ணில் படாது. அதை அளத்தலாகப் பார்த்த கரையில் அது பயன்பட்டது.

அளத்தல் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நீர்மட்டத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழே 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லீற்றர் நீர் உள்ளே வரும். ஒரு மணித்தியாலத்தில் 400 லீற்றருக்கு மேல். பலகைப் பொருத்து அரை மில்லிமீற்றர் அகலத்தில் 16 சென்ரிமீற்றர் நீளம் திறந்திருந்தாலும் பரப்பு ஏறத்தாழ அதேதான். துளையைக் கண் பார்த்துவிடும், அந்தப் பொருத்தை எளிதில் பார்க்காது. ஆழம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் நீரின் வேகம் பாதியாகத்தான் குறையும். ஆகவே நீர்மட்டத்தை ஒட்டிய கசிவு அற்பமானது என்று எண்ணுவது தவறு. இதைவிட ஆபத்தான இன்னொரு விஷயம் உண்டு. உள்ளே நீர் ஏற ஏற, உள்மட்டத்துக்கும் வெளிமட்டத்துக்கும் இடையிலான உயரம் குறையக்கூடும். அப்போது நீர் வரும் வேகமும் குறையும். இரவில் தண்ணீர் ஏறுவது மெல்ல நின்றுவிட்டது, பொருத்து தானாக அடங்கிவிட்டது என்று நம்புகிறவர், அமிழ்ந்துகொண்டிருக்கும் படகில் உட்கார்ந்திருக்கிறார். கசிவின் அளவை அறிய விரும்பினால் முழுதும் இறைத்துக் காய்ந்த நிலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

மர வள்ளம் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கிய பயணி இப்னு பதூதா, தென்னந்தும்புக் கயிற்றால் தைத்த கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் வளைந்துகொடுக்கும் என்பது அவர் தரும் காரணம். வளைந்துகொடுக்கும் உடம்பு சிறிது நீரையும் விடும். அந்தக் கட்டுமானம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை அது. கரையில் பல வாரம் வெயிலில் கிடந்த பலகை வள்ளமும் இறக்கியவுடன் ஒழுகத்தான் செய்யும். மரம் நீரை உறிஞ்சிப் பருத்ததும் பொருத்துகள் தாமாக நெருங்கும். இதை அறிந்தவர்கள் வள்ளத்தை ஆழமற்ற இடத்தில் ஓரிரு நாள் ஊறப்போடுவார்கள். அந்தப் பொறுமை இல்லாமல் காய்ந்த பொருத்துக்குள் தும்பை இறுக்கி அடித்துக் கலப்பத்துப் பார்த்தால், மரம் பருக்கும்போது இடமில்லாமல் ஆணியை இழுக்கும், சில வேளை வங்கையே முறிக்கும். இயல்பான கசிவு எது, நோயான கசிவு எது என்று பிரிப்பதற்கும் நேரமே அளவுகோல். நாளுக்கு நாள் குறைவது இயல்பு. குறையாமல் நிற்பதோ கூடுவதோ நோய். "மரம் என்றால் ஒழுகும்" என்று பொதுவாகச் சொல்லி இரண்டையும் ஒன்றாக்குவதை நான் ஏற்கவில்லை. வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதுவும் மரந்தான்.

நோயான கசிவுகளில் மிகக் கொடியது கப்பற்புழு தருவது. புழு என்று சொன்னாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசிமுனை அளவான துளை வழியே குஞ்சாக மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தின் இழையோடு நீளமாகக் குடைந்துகொண்டு போகும். வெளிப்பக்கம் வழவழப்பாகவே இருக்கும்; உள்ளே பலகை தேன்கூடாகிவிட்டிருக்கும். கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலேயே 1731இல் இந்த உயிர் கடலணைகளின் மரங்களைத் தின்று பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. இதற்கும் நம் கரையிடம் மருந்து இருந்தது. இந்தப் புழு உவர் குறைந்த நீரில் வாழாது; உலர்ந்தாலும் சாகும். வள்ளத்தைக் கரையேற்றிக் காயவிடுவதும், அடிக்கு ஓலைத்தீயின் சூடு காட்டுவதும், வேப்பெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவதும் அழகுக்காகச் செய்தவை அல்ல. ஆணி இன்னொரு திருடன். உப்பு மிகுந்த நீரில் இரும்பாணி துருப்பிடித்துச் சுருங்கும், துளை பெருக்கும், நீர் ஆணியின் உடலைப் பற்றிக்கொண்டு பலகைக்கும் வங்குக்கும் நடுவே இறங்கும். வெளியே ஆணித்தலையின் கீழ் செம்பழுப்புக் கோடு ஒன்று வடிந்திருந்தால் அது சாட்சி.

நேரத்தை விசாரித்து முடித்த பிறகுதான் இடத்தைத் தேட வேண்டும். அதற்கும் அந்தக் கரையில் முறைகள் இருந்தன. அடியை முழுதும் துடைத்துக் காயவைத்து, மெல்லிய சாம்பலைத் தூவிவிட்டு வள்ளத்தை இறக்கினால், வரும் முதல் நீர் சாம்பலில் தன் பாதையை எழுதிவிடும். வங்குகளுக்குக் கீழேயுள்ள நீரோடும் துளைகளைக் களிமண்ணால் அடைத்து அடியைப் பல அறைகளாகப் பிரித்தால், எந்த அறை முதலில் நிரம்புகிறதோ அதில்தான் குறை. ஒரே பொழுதில் தேடும் பரப்பு ஐந்தில் ஒன்றாகவோ ஆறில் ஒன்றாகவோ சுருங்கிவிடும். இருட்டியபின் கரையில் நிற்கும் வள்ளத்துக்குள் விளக்கை வைத்து வெளியே சுற்றிப் பார்த்தால் நேரான வெடிப்புகள் ஒளியைக் காட்டும். வளைந்து போகும் துளைகள் காட்டா. கரையிலேயே உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே பொசிகிறது என்று பார்ப்பது பலருக்குப் பிடித்த வழி. ஆனால் ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். கடல் வெளியிலிருந்து தாங்காத வள்ளத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு நீர் நிரப்பினால் இருந்த பொருத்தும் விரியும். ஒரு சாண் நீருக்கு மேல் வேண்டாம். வெளியே நனைந்த இடங்களில் ஆக உயரமானதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும், கீழே உள்ளவை வழிந்தவையாக இருக்கக்கூடும். புத்தளத்தின் வறண்ட வெயில் இன்னொரு உதவியும் செய்கிறது. உப்புநீர் கசிந்த பாதை காய்ந்ததும் வெள்ளைக் கோடாக நிற்கும். அதைக் கழுவுமுன் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட்டு அடி முழுதும் தார் பூசிவிட்டால் என்ன என்பது அடுத்த மறுப்பு. சீசன் தொடங்கிவிட்டது, மீன்பிடி வாடிகளுக்குப் போக வேண்டும், தேட நேரமில்லை என்று சொல்பவரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. கச்சான் காற்று ஓய்ந்து மேல்கரை அமைதியாகும் மாதங்களில்தான் அவர் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் முழுதும் பூசியது தண்ணீரை நிறுத்தினால், எது அதை நிறுத்தியது என்று தெரியாது. நிறுத்தாவிட்டால், ஆணியின் துருக்கோடும் உப்புக் கோடும் தாருக்குள் மறைந்துபோயிருக்கும். உள்ளிருந்து பூசுவது இன்னும் மோசம். வெளிநீர் பூச்சைப் பலகையிலிருந்து உரித்துத் தள்ளும் திசையில்தான் அழுத்துகிறது. வெளியிலிருந்து பூசினால் அதே அழுத்தம் பூச்சைப் பலகையோடு சேர்த்து அமுக்கும். உள்பூச்சு சிறிது காலம் பிடித்துநின்றாலும் நீரைப் பலகைக்குள்ளேயே அடைத்து வைத்து மரத்தை உக்கச் செய்கிறது. அவசரத்துக்கு உள்ளே ஒரு துணியைத் திணித்துக் கரை சேர்வது வேறு. அதைப் பழுதுபார்த்ததாகக் கணக்கில் எழுதுவது வேறு.

இப்போது எல்லாம் பைபர், பலகையும் இல்லை பொருத்தும் இல்லை, இந்தப் பழைய பேச்சு யாருக்கு என்பதுதான் மிகப் பலமான மறுப்பு. என் விடை, பைபரில் இந்தப் பேச்சு முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே. மரம் தன் நோயைத் துருக்கோடாகவும் கறுப்பாகவும் வெளியே காட்டும். பைபர் மறைக்கும். இஞ்சினைத் தாங்கும் பின்சுவருக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். இஞ்சின் போல்ட்டின் துளை வழியே நுழையும் நீர் அந்தப் பலகையைப் பல மாதம் உக்கவைத்துவிட்டு, வேறெங்கோ ஒரு வெடிப்பில் எட்டிப் பார்க்கும். மிதப்புக்காக நுரை அடைத்த இரட்டை அடியில் புகுந்த நீர் வெளியே வராமலே தங்கிவிடும். படகு பாரமாகும், பின்பக்கம் தாழும், மண்ணெண்ணெய் கூடச் செலவாகும், ஆனால் அடியில் ஒரு துளி நீரும் தெரியாது. மணலில் இழுத்து இழுத்து அடிமுதுகு தேய்ந்து கண்ணாடி இழை வெளியே வந்த இடங்களில் நீர் அடுக்குகளுக்கு இடையே ஊர்ந்து போகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட பைபர் படகுகளில் தரமற்றவை இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பே சுட்டிக்காட்டியது. பைபர் என்ற பெயர் எந்தப் படகையும் காப்பாற்றுவதில்லை. இங்கேயும் உதவுவது நேரக் கேள்வியே. கட்டிக் கிடக்கும்போதா, இஞ்சின் ஓடும்போதா, அலையில் அடிபட்ட பிறகா, கரைக்கு இழுத்த மறுநாளா? வெறும் படகு மிதக்கும் நீர்மட்டத்தைச் சீசன் தொடக்கத்தில் வண்ணத்தால் ஒரு கோடிட்டு வைத்தால், மூன்று மாதம் கழித்து அந்தக் கோடு அமிழ்ந்திருப்பது மறைந்த நீரைக் காட்டிக்கொடுக்கும். தானாக இறைக்கும் பம்ப் நல்ல கருவிதான். ஆனால் எத்தனை முறை ஓடியது என்று யாரும் எண்ணாத பம்ப், பட்டை பிடித்த பையனின் உடலுழைப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு அவன் அறிவைக் கைவிட்டுவிட்டது.

பலகை வள்ளம் கட்டியவர்களும், கலப்பத்துப் பார்த்தவர்களும், பட்டை பிடித்தவர்களும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உடப்பிலும் சிலாபத்திலும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை அந்தந்த ஊர்ப் பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். படகு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. ஒரு கொப்பியைப் படகிலேயே வையுங்கள். எப்போது இறைத்தோம், எந்தக் காற்று, எவ்வளவு பாரம், எத்தனை வாளி என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை பழுதுபார்க்க ஆளை அழைக்கும்போது, பசைக் குழாயை அவர் கையில் கொடுப்பதற்கு முன் அந்தக் கொப்பியைக் கொடுங்கள்.